ஆறு ஆண்டுப் பட்டம்



ஒரு பி.ஏ. பட்டம் வாங்க எத்தனை மணி நேரம் படிக்கவேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். படிப்புக்கு மணிக்கணக்கா என்பார்கள். கணக்கு இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நம் வழக்கில் இக்னோ, அதை அச்சிட்டே கொடுக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. பாடம் வாசிப்பது, குறிப்பெடுப்பது, அசைன்மென்ட் எழுதுவது, காண்டாக்ட் கிளாசுக்குப் போய் உட்காருவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதன் சி.பி.சி.எஸ். (விருப்பப் பாடத் தேர்வுக் கிரெடிட்) முறை பி.ஏ.வுக்கு 132 கிரெடிட். பெருக்கிப் பார்த்தால் 3,960 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்க நினைப்பவர் ஞாயிறு, பொங்கல், தீபாவளி என்று பார்க்காமல் தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவேண்டும்.

சென்னைக்கு வடக்கே, நம் பொன்னேரி வட்டாரத்தில் இந்த மூன்றரை மணி நேரம் யார் கையில் இருக்கிறது?

விடியற்காலையில் பொன்னேரி ரயில் நிலையத்தில் நிற்பவர்களைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். வடக்கே போகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. தெற்கே போகிறவர்களுக்கு அத்திப்பட்டு, எண்ணூர், மணலி. இன்னும் தள்ளிப் போகிறவர்கள் சென்னை ஜவுளிக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிறார்கள். சென்ட்ரல் வரை போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. கம்பெனி வேலை என்றால் ஷிப்ட். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. உடம்பு ஒரு தூக்கத்துக்குப் பழகும்போது ஷிப்ட் மாறிவிடும். ஊரிலேயே அறுபதுகளில் வந்த அரசினர் கல்லூரி இருக்கிறது. அதன் வாசல் வரை வந்து, வீட்டு நிலைமையால் வேலைக்குத் திரும்பிப் போனவர்கள்தான் பின்னால் "கரஸ்ல சேர்ந்துட்டேன்" என்கிறார்கள். கரஸ் என்றால் அஞ்சல் வழி, அதாவது தொலைநிலைக் கல்வி.

அவர்கள் ஒரு சிறு கூட்டமல்ல. மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி 2020-21இல் நாடு முழுவதும் தொலைநிலையில் பதிவு செய்திருந்தவர்கள் 45.71 லட்சம் பேர். அதில் பெண்கள் 20.9 லட்சம். உயர்கல்வியில் இருந்த ஒன்பது பேரில் ஒருவர் தொலைநிலை மாணவர். ஆனாலும் கல்லூரி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வகுப்பறையும் கேன்டீனும்தான். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரிக்கும் மாணவி அந்தப் படத்தில் இல்லை.

தாலுகா ஆபீஸ் எழுத்தர்

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது தமிழ்நாட்டுக்குப் பழைய வழக்கம். 1928இல் பள்ளியிறுதி முடித்த ஓர் இளைஞர் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உடல்நலம் கெட்டது; வேலையை விட்டார். கல்லூரிக்குப் போகவில்லை. தாமே தமிழ் படித்து 1935இல் வித்துவான் தேர்வு எழுதி மாநிலத்தில் முதலாவதாகத் தேறினார். அதே ஆண்டு திருமணமும் நடந்தது. திருப்பத்தூர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. பள்ளி வேலை, புதுக் குடும்பம் இரண்டுக்கும் நடுவே 1939இல் பி.ஓ.எல். என்ற கீழைக்கல்விப் பட்டம் முடித்தார். 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் பட்டம். எஸ்.எஸ்.எல்.சி.யிலிருந்து டாக்டர் பட்டம் வரை 20 ஆண்டு. அவர்தான் மு.வ. என்று அறியப்பட்ட மு. வரதராசன்.

கடலுக்கு அப்பால் இதே கதைக்கு இன்னொரு உருவம் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே, வகுப்புக்கு வராதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்துவிட்டது. இலங்கையில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் இரவு விளக்கில் படித்து அந்தத் தேர்வை எழுதினார்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வையும், ஆசிரியப் பணியில் இருந்தபடியே 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. தேர்வையும் முடித்தவர்.

இந்தத் தனிமுயற்சிகளுக்கு ஓர் அமைப்பு உருவம் கிடைத்தது 1962இல், தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியபோது. தமிழ்நாட்டில் அதை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே துணைவேந்தராக வந்து அமர்ந்தவர், கல்லூரி வாசல் மிதிக்காமல் வித்துவான் ஆன அதே மு.வ. அடுத்து 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னை, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இக்னோ, 2002இல் சட்டமன்றச் சட்டத்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தபால்காரர் கொண்டுவந்து போடும் காக்கிக் கவருக்குள் ஒரு கல்லூரியே இருந்த காலம் அது.

இங்கிலாந்தில் 1969இல் சாசனம் பெற்ற ஓப்பன் யுனிவர்சிட்டியும் 1971 ஜனவரியில்தான் பாடம் நடத்தத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பி.பி.சி. அகாலத்தில் பாடம் ஒளிபரப்பியது. அங்கே பகுதி நேரமாகப் படிப்பவருக்கு ஒரு பட்டம் முடிய வழக்கமாக ஆறு ஆண்டு ஆகும். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா 1943இல் சட்டப் படிப்பைத் தொடங்கினார். வழக்கு, தலைமறைவு, ராபன் தீவுச் சிறை எல்லாவற்றையும் கடந்து அஞ்சல் வழியாக அந்தப் பட்டத்தை அவர் முடித்தது 1989இல். அப்போதும் சிறையில்தான் இருந்தார்.

நம் ஊரில் மட்டும் மூன்று ஆண்டில் முடிக்காதவர் 'அரியர் வெச்சிருக்கிறவர்' ஆகிவிடுகிறார். விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தால் வேறு கதை தெரியும். இக்னோவில் பி.ஏ.வுக்குக் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அந்த ஆறு ஆண்டும் மாணவருக்கு உரியது. 3,960 மணியை ஆறு ஆண்டுக்குப் பரப்பினால் நாளொன்றுக்கு 108 நிமிடம் வருகிறது. மூன்றரை மணி நேரம் கேட்டால் எந்த வீடும் முகம் சுளிக்கும். 108 நிமிடத்தைப் பேசிப் பெறலாம்.

ஏரிக்கரை வீடு

அந்த 108 நிமிடம் ஒரு வீட்டில் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். பொன்னேரியிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் நம்மிடம். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். இன்றைக்கு அந்தக் கரையில் நாள் தொடங்குவதையும் முடிவதையும் ஏற்றவற்றமும் காற்றும் முகத்துவாரத்து மணலும் தீர்மானிக்கின்றன. முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போவது சிரமம். ஏரியில் மீன்வரத்தும் குறையும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வரும்.

கணக்குப் பார்ப்பதற்காக ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மீனவக் குப்பத்தில் ஒரு மருமகள், வயது இருபத்தேழு, ப்ளஸ் டூ படித்தவள். பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புருஷன் ஏரியில் தொழில் செய்கிறான். மாமியார் மீன் விற்கிறாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அவள் விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ் பிடித்து, கடையில் நாள் முழுக்க நின்று, திரும்பி வரும்போது இரவு ஒன்பது. அதற்குமேல் குழம்பு சூடு பண்ணவேண்டும், மறுநாளுக்கு யூனிபார்ம் துவைக்கவேண்டும். பதினொரு மணிக்குப் புத்தகத்தை எடுத்தால், உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"ராத்திரியில லைட்டப் போட்டுக்கிட்டு என்னம்மா பண்ற? அவன் மூணு மணிக்கு எழுந்திருக்கணும்ல."

"இதோ அத்தை, ஒரு பக்கம்தான்."

இந்தப் பேச்சில் யார்மீதும் குற்றமில்லை. மூன்று மணிக்கு வலை பார்க்கப் போகிறவனுக்குத் தூக்கம் வேண்டும். கூடை சுமந்த மாமியாருக்கும் வேண்டும். அந்த வீட்டில் ஒரே அறை, ஒரே விளக்கு. தொலைநிலைக் கல்வி வகுப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. வீட்டில் அதற்கு ஓர் அறை கூடுதலாக முளைக்கவில்லை.

மருமகளின் நேரம் எங்கே போகிறது என்பதற்கு நாடு தழுவிய கணக்கே இருக்கிறது. மத்தியப் புள்ளியியல் துறையின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது இது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆண் செய்ததும் ஒன்பது நிமிடம் குறைந்தது.

2024இன் இந்த இரண்டு எண்களையும் கூட்டிச் சரிபாதியாகப் பிரித்துப் பாருங்கள். பெண்ணுக்கு நாளொன்றுக்கு மிச்சமாவது 100 நிமிடம். ஆறு ஆண்டுப் பட்டத்துக்கு வேண்டியது 108 நிமிடம் என்று சற்றுமுன் பார்த்தோம். இத்தனை காலம் 'நேர நிர்வாகம்' என்ற பெயரில் படிக்கிற பெண்ணுக்கே சொல்லப்பட்ட அறிவுரை எல்லாம் விலாசம் மாறிப் போனவை. விடியற்காலை நாலு மணிக்கு எழு, டி.வி. பார்க்காதே, போனைத் தள்ளி வை என்று ஏற்கெனவே நாலு மணிக்கு எழுந்துவிட்டவளிடம் சொல்லி என்ன பயன்? நேரம் வரவேண்டியது அவள் தூக்கத்திலிருந்து அல்ல, மற்றவர்கள் கையிலிருந்து.

முறை வைப்பது

மற்றவர் கையில் இருப்பதை எப்படிப் பெறுவது? இதற்குப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அவர்களிடம் பாடு முறை இருக்கிறது.

ஏரியில், அதிலும் முகத்துவாரத்தை ஒட்டி, நல்ல மீன்பாடுள்ள இடங்கள் கொஞ்சம்தான். வலை கட்ட விரும்புகிறவர்களோ பலர். எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்கள் கூடிப் பேசி, எந்த நாள் யாருக்கு, எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கின்றன. இன்று ஒருவன் முறை என்றால் மற்றவன் அங்கே வலை இறக்கமாட்டான். மீறினால் ஊர் கேட்கும். முறைக்காரன் அன்றைக்கு வலை கட்டுவதற்கு யாரிடமும் தயவு கேட்டு நிற்பதில்லை.

வீட்டுக்குள் படிப்பவருக்கும் வேண்டியது இதுதான். கிடைத்த நேரத்தில் படித்துக்கொள் என்றால் ஒருநாளும் கிடைக்காது. செவ்வாய், வியாழன் இரவு இரண்டு மணி நேரம், ஞாயிறு காலை முழுக்க என்று நாள் குறித்து, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொல்லி, தினசரிக் காலண்டரில் எழுதி மாட்டவேண்டும். அந்த இரவுகளில் சோறு யார் பொறுப்பு, பிள்ளைகளை யார் தூங்கவைப்பது என்பதும் அப்போதே முடிவாகவேண்டும். புருஷன் விடியுமுன் தொழிலுக்குப் போகும் நாட்களில் விளக்கு எரியக்கூடாது; அவன் போகாத நாட்களில் எரியலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கூடும், மற்ற நாளில் மந்தப்படும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியாததல்ல. தொழிலுக்குப் போகாத நாளை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்த வீட்டில், படிப்பு நாளையும் கணிக்கலாம்.

ஆணுக்கும் இது பொருந்தும். சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு பி.காம். படிக்கும் இளைஞர், இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படிப்பேன் என்று திட்டம் போட்டால் இரண்டு வாரம் தாங்காது. இரவு ஷிப்ட் வாரத்தில் புத்தகத்தைத் தொடாமல், பகல் ஷிப்ட் வாரங்களுக்கு மட்டும் முறை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ரயிலில் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்பார்கள். உட்கார இடம் கிடைத்தால் அது வாசிப்புக்கு ஆகும், எழுத்துக்கு ஆகாது. இக்னோவின் பாடநூல்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால் போனிலேயே வாசிக்கலாம்.

பாடு முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. அதில் பெண்களுக்கு முறை கிடையாது. உரிமை ஆண்கள் வழியாகவே போகிறது. ஏரித் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அதைக் கடன் வாங்கும்போது திருத்தித்தான் வாங்கவேண்டும். ஏரியில் இல்லாத முறையை வீட்டுக்குள் பெண்ணுக்குக் கொடுப்பது அந்தத் திருத்தத்தின் தொடக்கம்.

ஜூனும் டிசம்பரும்

இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஏரிக்கரை வீட்டுக்கு இந்த இரண்டு மாதமும் ஒன்றல்ல.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் தடை என்றாலும், அதில் கூலிக்குப் போகிற வீடுகளில் அந்த இரண்டு மாதமும் ஆண்கள் கரையில் இருப்பார்கள். கையில் பணம் குறைவு, நேரம் அதிகம். பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. ஜூன் தேர்வுக்குப் படிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. டிசம்பர் வேறு மாதிரி. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு புதுத்தண்ணீர் கொண்டுவரும், முகத்துவாரம் திறக்கும், இறால் வரத்து கூடும். தொழில் நடக்கிற காலம் அது. புயலும் அப்போதுதான் வரும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையும் அதன் வடக்குக் கரையும் தண்ணீரில் நின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவித் தொழில் கெட்டது. அந்த வாரத்தில் எந்த மீனவ வீட்டில் யார் ஹால் டிக்கெட்டைத் தேடியிருக்கமுடியும்?

ஆகவே எல்லாப் பேப்பரையும் இரண்டு பருவத்துக்கும் சமமாகப் பங்கிடவேண்டிய கட்டாயமில்லை. எழுதத் தகுதி பெற்ற பேப்பர்களில் எதை எப்போது எழுதுவது என்று மாணவரே தேர்ந்துகொள்ளலாம். கனமானவற்றை ஜூனுக்கு வைத்துக்கொண்டு, டிசம்பருக்கு ஒன்றிரண்டு லேசானவற்றை மட்டும் பதிவு செய்தால் தேர்வுக் கட்டணமும் வீணாகாது, மனமும் உடையாது.

அசைன்மென்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இக்னோவில் பெரும்பாலான பாடங்களில் மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. தேர்வு மண்டபத்தில் கடிகாரம் ஓடும். அசைன்மென்ட்டை வீட்டில் நிதானமாக எழுதலாம். ஆனாலும் தொலைநிலை மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கடைசித் தேதிக்கு முதல் நாள் உட்கார்ந்து, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதி, முகப்புத் தாளில் பதிவு எண்ணையோ பாடக் குறியீட்டையோ தப்பாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண் ஏறாது, ஏன் ஏறவில்லை என்று கேட்க ஆதாரமும் இருக்காது. வாரத்துக்கு ஒரு கேள்விக்கு விடை எழுதினால் போதும். எழுதிய ஒவ்வொரு தாளையும் போனில் படமெடுத்து வைக்கவேண்டும். மையத்தில் கொடுத்ததற்கு ரசீது வாங்கவேண்டும். ஏரிக்கரையில் இன்னொரு வேலையும் உண்டு: உப்புக் காற்றுக்குத் தாள் நமுத்துப்போகும், மை கசியும். மெட்டீரியலையும் எழுதிய தாள்களையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி.

ஏமாறாமல் சேர்வது

ஆறு ஆண்டு உழைத்து வாங்கிய பட்டம் செல்லாது என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால், அது ஒரு குடும்பத்தின் ஆறு ஆண்டு. இதில் கவனிக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, அங்கீகாரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தொலைநிலையில் எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை நடத்தலாம் என்பதற்குத் தனியாக அனுமதி வேண்டும். பல்கலைக்கழகம் பெரியது, பழையது என்பதனால் அது நடத்தும் ஒவ்வொரு படிப்பும் செல்லும் என்று ஆகாது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் சேரப்போகும் ஆண்டு, பருவம், படிப்பு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும். 2024 முதல் மாணவரே அங்கே பதிவு செய்து டி.இ.பி. ஐ.டி. என்ற அடையாள எண் வாங்கவேண்டும் என்று ஆகியிருக்கிறது. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் வகுப்பறைப் பட்டத்துக்குச் சமம் என்பது மானியக் குழுவே தெளிவாகச் சொன்னது.

இரண்டாவது, படிக்கட்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். 2009இல் வந்த அரசாணை இதை உறுதி செய்தது. ப்ளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் பலர் இதில் சிக்கினார்கள். குப்பங்களில் எட்டோடும் பத்தோடும் நின்றவர்கள் அதிகம். அவர்கள் தனித்தேர்வராகப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பட்டத்துக்கு வருவதே நல்லது. கூடுதலாகச் சில ஆண்டு போகும்; வாங்கிய பட்டம் கைகொடுக்கும்.

மூன்றாவது, தொழிற்படிப்பு. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியில்லை. நடத்துகிறோம் என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அதைக் கிழித்துப்போடலாம்.

நான்காவது, மொழி. இக்னோவின் மெட்டீரியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழ் வழியில் படிக்க விரும்புகிறவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பட்டத்தை மட்டும் தமிழ் வழியில் படித்துவிட்டு, அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையை எதிர்பார்க்கக்கூடாது. 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்கவேண்டும்.

அரசிடமும் ஊரிடமும்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் தொலைநிலையில் சேர்ந்த பெண்ணுக்கு அது கிடையாது. கல்லூரிக்கு நேராகப் போக முடிந்தவளுக்கு உதவி உண்டு. வீட்டு வறுமையால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவளுக்கு இல்லை. போலிச் சேர்க்கை வரும் என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. அசைன்மென்ட் கொடுத்து, அந்த ஆண்டுக்குரிய தேர்வில் ஒன்றையாவது எழுதியவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்த அரசு, காண்டாக்ட் கிளாசுக்குப் போகும் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே பாதி வழி உதவிவிட்டது. மீதிப் பாதியும் அதன் கைக்கு எட்டாததல்ல.

முதலாளிகளிடம் கேட்கவேண்டியது சிறியது. தேர்வு நாளில் சம்பளப் பிடித்தமில்லாத விடுப்பு, அந்த வாரத்தில் இரவு ஷிப்ட் போடாமல் இருப்பது. தேர்வு அட்டவணையைக் காட்டினால் தருவோம் என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். படிக்கிறவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சவேண்டாம்.

ஊருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொலைநிலை மாணவர்கள் பாதியில் நின்றுபோவது உலகமெங்கும் உள்ள குறை. பாடம் புரியாததைவிட, கேட்க ஆளில்லாததே பலரை நிறுத்துகிறது. படிவம் எப்படி நிரப்புவது, அசைன்மென்ட்டில் எவ்வளவு எழுதுவது, தேர்வு மையம் எங்கே என்ற சின்னக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் ஒரு பருவம் போகும், அப்புறம் ஓர் ஆண்டு போகும். பொன்னேரியில் அரசினர் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன; அங்கே படித்தவர்கள் வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குப்பத்து நூலகத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இந்தக் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரிப் பருவத்திலும் ஜூலைப் பருவத்திலும் நடக்கிறது. சேர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போடும் முன், வீட்டில் எல்லாரையும் ஒருநாள் உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த நாள் உங்கள் முறை, அன்றைக்கு அடுப்படி யார் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள். மூன்று ஆண்டு என்று சொல்லாதீர்கள். ஆறு ஆண்டு என்று சொல்லிச் சேருங்கள்; முன்னால் முடிந்தால் லாபம்.